அடுக்களைக்குள் போகாத மஞ்சள்

குத்துதா அண்ணாச்சி? மன்னிச்சுக்கிடுங்க, கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பி வச்சிக்கிடுதேன். முனையில சாக்கு சுத்திக் குடுங்கன்னு கடைக்காரன்ட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தலைய நல்லா ஆட்டுனான். ஆட்டிட்டுச் சும்மா கையில தூக்கிக் குடுத்துட்டான். இது என்னதுன்னா பாக்கீங்க? வென்டிலேட்டரு. ஜன்னலுக்குத் தம்பின்னு வச்சிக்கிடுங்களேன். ஒன்றரை அடிக்கு ஒரு அடி. எங்க வீட்டு அடுக்களைக்கு.

எதுவரைக்கும் போறீங்க? திருச்செந்தூரா? அப்ப நல்லதாப் போச்சு, நான் குரும்பூர்ல எறங்குவேன். பேச்சுத் துணைக்கு ஆளு கெடச்சுட்டு. அண்ணாச்சி மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நாலு விசயத்தப் பொறுமையாக் கேக்க ஆளு. இந்த வென்டிலேட்டருக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. முப்பது டீச்சருமாருக்கு முன்னாடி என் மானத்த வாங்குன கதை. கேட்டுட்டு நீங்களே நியாயத்தச் சொல்லுங்க.

என் பேரு லிங்கதுரை. வீடு கெட்டிக் குடுக்கதுதான் தொழில். குரும்பூரு, நாசரேத்து, ஏரலு, அந்தப் பக்கம் யாருட்ட வேணா கேட்டுப் பாருங்க. நாப்பத்திமூணு வீடு கெட்டியிருக்கேன், ஒண்ணுல கூட ஒரு கீறல் கெடையாது. ஒரு வீட்டுல இருக்கு. அது அவன் பக்கத்துலயே தண்ணிக்குப் போர் போட்டதால வந்தது, அதை என் கணக்குல சேக்கக் கூடாது.

நாப்பத்திநாலாவது வீடு எனக்கே எனக்குன்னு கெட்டுதேன். பத்தொம்பது வருசமா வாடகை வீட்டுலயே காலத்த ஓட்டியாச்சு. ஊருக்கெல்லாம் வீடு கெட்டுதவன் வாடகை வீட்டுலயா இருக்கன்னு கேக்காதவன் கெடையாது. அதனால பிளானை வேற யாருட்டயும் விடலை. நானே போட்டேன். முன்னால ஒரு ஹாலு, பதினெட்டுக்குப் பதினாலு. அஞ்சு ஜன்னலு! வீடு கெட்டணும்னு வாரவன் அந்த ஹால்ல வந்து உக்காந்தான்னாலே பேச்சு முடிஞ்சிரணும். கிழக்கால வெளிப்படிக்கட்டு, ரோட்டுல போறவன் ஒரு தடவையாவது திரும்பிப் பாக்கணும். அடுக்களை அக்கினி மூலையில. அதுக்குத் தெக்கால ஒட்டுன மாதிரி ஒரு சாமான் ரூமு. சென்ட்ரிங் பலகை, கலவைச் சட்டி, மட்டக்கம்புன்னு என் தொழில் சாமான் பூராவும் இத்தனை வருசமா அடுத்தவன் மாட்டுக் கொட்டாய்ல கெடந்து சீரழிஞ்சுட்டு. அதுக்குன்னு ஒரு ரூமு வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரி பேரு பிரம்மசக்தி. எங்க ஊரு பள்ளிக்கூடத்துல அஞ்சாங்கிளாஸ் டீச்சரு. பிளானை விரிச்சுக் காட்டுனேன். முழுசாப் பாத்துட்டு, "ஏங்க, அடுக்களைக்கு ஜன்னல் எங்கன இருக்கு?"ன்னு கேட்டா. "கிழக்கால படிக்கட்டு மறைக்கு, தெக்கால சாமான் ரூம் மறைக்கு, அதனால என்ன, புகை போக ஒரு ஃபேனைப் போட்டுருவோம்"னேன். அவ ஒண்ணும் சொல்லலை. அவ ஒண்ணும் சொல்லலைன்னா சம்மதம்னு அர்த்தம். பத்தொம்பது வருசமா எங்க வீட்டுல அப்படித்தான். ஒரு சண்டை சச்சரவு கெடையாது.

செவரு மளமளன்னு எந்திரிச்சுட்டு. அந்த நேரம் பாத்து மே மாசம் இவளுக்குப் பத்து நாள் பயிற்சின்னு வந்து நின்னுட்டு. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர்ல சதுரம், முக்கோணம், வட்டம் வரையச் சொல்லிக் குடுக்கணுமாம். அதுக்கு மொதல்ல டீச்சருமாரு படிக்கணுமாம். பள்ளிக்கூடத்து லேப்டாப்பைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போவா, சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டாந்து வீட்டுப்பாடம் செய்வா. நான் பக்கத்துல உக்காந்து காப்பியக் குடிச்சிக்கிட்டே வேடிக்கை பாப்பேன்.

நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி, குத்தம் சொல்லக் கூடாது. கறுப்புத் திரையில ஒரு பொடி முக்கோணம் நிக்கும். முன்னால நூறுன்னு அடிச்சா, அது பின்னால ஒரு கோட்டை இழுத்துக்கிட்டே நூறு எட்டு எடுத்து வச்சு நடக்கும். வலது தொண்ணூறுன்னா அப்படியே முக்கு திரும்பும். இதையே நாலு தடவை சொன்னா சதுரம் வந்துரும். தொண்ணூறுன்னா தொண்ணூறுதான், மயிரிழை பிசகாது. எனக்கு அதைப் பாக்கப் பாக்க ஆசையாயிட்டு. எங்க கொத்தனாரு ஒருத்தரு இருக்காரு, இருவது வருசமா என்கூட நிக்காரு, ஒரு நாளாவது செவத்தை மூலைமட்டத்துக்கு நேராத் திருப்பியிருக்காரான்னு கேளுங்க.

கோடு போட்டு முடிச்சதும் கலர் ஊத்தணும். அந்தப் பொடி முக்கோணத்தை உருவத்துக்குள்ள கொண்டு போய் நிறுத்தி ஒரு சொல்லை அடிச்சா, நின்ன எடத்துல இருந்து கலர் பரவும். கோடு தட்டுத வரைக்கும் பரவும், தட்டுனா நின்னுரும். மொத நாளு ஓட்டு வீட்டுக் கூரைன்னு ஒரு முக்கோணத்தை வரைஞ்சா. கடைசிக் கோடு மொதக் கோட்டைத் தொடலை, ஒரு புள்ளி அளவு சந்து. அவ அதைக் கவனிக்கலை. செவப்பை ஊத்துனா. ஐயையோங்கா! கூரை செவப்பு, வானம் செவப்பு, தரை செவப்பு, திரை பூராவும் ரத்தக்காடு. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிட்டு. காப்பி மூக்குல ஏறிட்டு. அவளுக்கும் சிரிப்புதான்.

மறுநாளு பயிற்சியில போய்க் கேட்டிருக்கா. சொல்லிக் குடுக்குத பிள்ளை பேரு ரெக்ஸ்லின், சின்ன வயசுதான். "கலருக்கு ஒரு புள்ளி சந்து போதும் டீச்சர், ஊரையே ரொப்பிரும்"னு சொல்லுச்சாம். இதை மட்டும் நீங்க ஞாபகத்துல வச்சிக்கிடுங்க, பின்னாடி வரும்.

அஞ்சாம் நாளு ஒரு வீட்டுப்பாடம். உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணை வரைஞ்சு கலர் தீட்டிட்டு வாங்கன்னு. மத்த டீச்சருமாரெல்லாம் குடிசை, கப்பல், சூரியன்னு போட்டுக்கிட்டு இருக்காங்க. இவளும் அப்படி ஒரு கப்பலைப் போட்டிருந்தா பிரச்சினை கெடையாது. மேசை மேல என் பிளான் கெடந்துச்சு. அதை எடுத்து அடி பிசகாமக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டா! எனக்குன்னா பெருமை தாங்கலை. செவருக்குக் கோடு, ஜன்னலுக்கும் வாசலுக்கும் கோட்டுல சந்து. நான் பேப்பர்ல போட்டதை விடச் சுத்தமா இருந்துச்சு.

"இப்பப் பாருங்க, வெளிச்சத்தை ஊத்தப் போறேன்"னா. முக்கோணத்தைக் கொண்டு போய் வீட்டுக்கு வெளியில, தெருவுல நிறுத்துனா. மஞ்சளை ஊத்துனா. அண்ணாச்சி, அது போன அழகை நீங்க பாத்திருக்கணும்! தெரு மஞ்சளாச்சு, அஞ்சு ஜன்னல் வழியாவும் ஹாலுக்குள்ள எறங்குச்சு, அங்கன இருந்து படுக்கை ரூமுக்குப் போச்சு, பூசை ரூமுக்குப் போச்சு, தெக்கால சுத்தி வந்து என் சாமான் ரூமுக்குள்ளயும் போச்சு. பலகை உளுத்துரக் கூடாதேன்னு அதுக்கு ஒரு ஜன்னல் குடுத்திருக்கேன்லா. எல்லாம் மஞ்சள். நடுவுல அடுக்களை மட்டும் கன்னங்கரேர்னு ஒரு சதுரமா நிக்கி.

"எங்கயோ தப்பு விட்டுட்ட, மறுபடியும் ஊத்து"ன்னேன்.

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனைச்சேன். மூணு தடவை ஊத்திப் பாத்துட்டேங்க."

"ஏளா, அடுக்களைக் கதவைச் சாத்தி வரைஞ்சிருக்க, பாரு. அதைத் தெற. ஹால்ல இருந்து மஞ்சள் உள்ள வந்துரும்."

"ஆளு வந்தா நீங்கதான கதவைச் சாத்தச் சொல்லுவீங்க? தாளிக்க நெடி ஹாலுக்கு வருதுன்னு?"

அது உண்மைதான். தொழில் பேச வாரவன் தும்மிக்கிட்டே இருந்தா எப்படிப் பேசுவான்? அதையும் இதையும் போட்டு ஒண்ணாக் குழப்புதா பாத்தீங்களா! "உன் கம்ப்யூட்டருதான் கோளாறு, நாளைக்கு நானே வந்து உங்க மிஸ்ஸுட்டக் கேக்கேன்"னுட்டேன். வேண்டாங்கன்னு அவ ரெண்டு தடவை சொன்னா. அப்பவாவது நான் நிறுத்தியிருக்கணும்.

மறுநாளு பைக்கை எடுத்துக்கிட்டுப் பயிற்சி நடக்க எடத்துக்கே போயிட்டேன். முப்பது டீச்சருமாரு வரிசையா உக்காந்திருக்காங்க. இவ என்னையப் பாத்ததும் லேப்டாப் மூடிக்குப் பின்னாடி தலையக் குனிஞ்சுக்கிட்டா. நான் நேரா ரெக்ஸ்லின் பிள்ளைட்டப் போயி, "என்னம்மா சொல்லிக் குடுக்க? நாப்பத்திமூணு வீடு கெட்டுனவன் பிளானு, அதுல ஒரு ரூமுக்குள்ள மட்டும் கலர் போக மாட்டேங்கு, புரோகிராமைச் சரி பண்ணிக் குடு"ன்னேன்.

அந்தப் பிள்ளை மரியாதையாத்தான் எந்திரிச்சு வந்துச்சு. திரையப் பாத்துச்சு. விரலை வச்சு அடுக்களையச் சுத்தி நாலு கோட்டையும் தடவிப் பாத்துச்சு. "சார், நாலு பக்கமும் மூடியிருக்கு. மூடியிருந்தா கலர் உள்ள போகாது. புரோகிராம் சரியாத்தான் இருக்கு. வீடுதான்..." அதோட நிறுத்திக்கிட்டு. சொல்லி முடிச்சிருந்தாக் கூடப் பரவாயில்ல. அது பாதியில நிறுத்துனதும் பின்வரிசையில ஒரு டீச்சர் களுக்குன்னு சிரிச்சா பாருங்க, அப்படியே முப்பது பேருக்கும் தொத்திட்டு. நான் வந்த வழியே திரும்பிட்டேன். வாசல்ல யாரு செருப்பை மாட்டிட்டு வந்தேன்னு கூடத் தெரியலை. ஒரு கால் மட்டும் எனக்குச் சரியா இருந்துச்சு.

சிரிக்காதீங்க அண்ணாச்சி. சரி, சிரிங்க. இப்பச் சிரிக்கலாம், அன்னைக்கு எனக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு.

மூணு நாளா நான் அவகூடப் பேசலை. அவளும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. வழக்கம் போலக் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சா, காப்பி வந்துச்சு, இட்லி வந்துச்சு. நாலாம் நாளு காப்பி வரக் கொஞ்சம் சுணங்குச்சேன்னு நானே அடுக்களைக்குப் போனேன். வாடகை வீட்டு அடுக்களையப் பத்திச் சொல்லணுமா? ஒரு பல்பு. அதையும் வீட்டுக்காரன் அடுப்புக்கு எதிர்ச் செவத்துல மாட்டி வச்சிருக்கான். இவ அடுப்புக்கு முன்னாடி நின்னா இவ நிழலே சட்டிக்குள்ள விழுது. செல்போனை உளுந்து டப்பா மேல சாத்தி வச்சு, அந்த டார்ச் வெளிச்சத்துல வெங்காயம் செவந்துட்டான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கா. "ஏளா, காலங்காத்தால இப்படி டார்ச்சைப் போட்டா சார்ஜ் என்னத்துக்கு ஆகும்?"னு கேட்டேன். அவ டார்ச்சை அணைச்சுட்டுக் காப்பியக் கையில குடுத்தா.

ஆனா எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்லா? அன்னைக்கு முழுக்க யோசிச்சேன். அப்பத்தான் ரெக்ஸ்லின் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஒரு புள்ளி சந்து போதும், ஊரையே ரொப்பிரும்! அட, இவ்வளவுதானா விசயம்! சாமான் ரூமை இடிக்கவும் வேண்டாம், படிக்கட்டைத் தள்ளவும் வேண்டாம். படிக்கட்டுக்கு அடியில கொஞ்சம் செவரு வெளிய தெரியும், அதுல ஒன்றரை அடிக்கு ஒரு வென்டிலேட்டரை வச்சா முடிஞ்சுது. அவ படிச்ச படிப்பை வச்சே அவளுக்குப் பதில்!

சாயங்காலம் அவட்டச் சொன்னேன். ஒரு கோட்டுல சந்து விட்டு ஊத்திப் பாருன்னேன். விட்டா, ஊத்துனா, அடுக்களை பூராவும் மஞ்சள். "பாத்தியா!"ன்னு கைதட்டுனேன்.

அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. "இது கலருங்க. வெளிச்சம் இப்படிப் போகாது"ன்னா. "நேத்து அடுத்த பாடம் நடத்துனாங்க. இருங்க, ரெண்டு மாதிரியாப் போட்டுக் காட்டுதேன்"னு சொல்லிட்டு என்னமோ அடிக்க ஆரம்பிச்சா. ஒரு மணி நேரம் அடிச்சா. அடுக்களைத் தரையப் பொடிப்பொடிச் சதுரமாக் கோடு போட்டுப் பிரிச்சா. சந்துக்குப் பக்கத்துச் சதுரம் வெள்ளை மாதிரி, அடுத்தது மஞ்சள், அடுத்தது பழுப்பு, தள்ளிப் போகப் போக மங்கிக்கிட்டே போகுது. அப்படி ஒரு கணக்காம்.

ரெண்டு படம். மொதப் படத்துல சாமான் ரூம் கெடையாது, எடுத்துட்டா! தெக்குச் செவத்துல நாலுக்கு மூணு ஜன்னலு. அடுக்களை பாதிக்கு மேல பளபளன்னு இருக்கு. ரெண்டாவது படம் என் வென்டிலேட்டரு. மூலையில ரெண்டு மூணு சதுரம் வெளுத்திருக்கு, மத்ததெல்லாம் பழுப்பும் கறுப்பும். "இது அடுப்பு"ன்னு ஒரு சதுரத்தைக் காட்டுனா. "இது பாத்திரம் கழுவுத தொட்டி"ன்னு ஒரு செவ்வகம். அடுப்புக்கு முன்னாடி ஒரு வட்டம். அதை மட்டும் என்னதுன்னு சொல்லலை. அது பூராவும் கறுப்பு.

"வட்டம் என்னது, குடமா?"ன்னு கேட்டேன்.

லேப்டாப்பை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ஒண்ணும் சொல்லலை. சரி, சம்மதிச்சுட்டான்னு விட்டுட்டேன். நாளைக்கு ஜன்னலு, வாசலுக்கு மேல வார லிண்டல் கான்கிரீட்டு போடணும், போட்டுட்டா அதுக்கப்புறம் செவத்துல கை வைக்க முடியாது பாத்துக்கிடுங்க. அதான் காலையிலயே பாளையங்கோட்டைக்கு ஓடியாந்து இதை வாங்கிட்டுப் போறேன். நாலுக்கு மூணு ஜன்னல்னா பஸ்ஸுல ஏத்த முடியுமா? இதுன்னா மடியில வச்சிக்கிட்டே போயிரலாம். இப்பச் சொல்லுங்க நியாயத்தை. இதுக்கு மேல ஒரு புருசன் எறங்கி வர முடியுமா?

என்ன அண்ணாச்சி, வென்டிலேட்டரையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?

என்ன கேக்கீங்க? வட்டம் எந்த எடத்துல இருந்துச்சுன்னா? அதான் சொன்னேன்லா, அடுப்புக்கு முன்னாடி. இருங்க, காட்டுதேன். இந்த முன்சீட்டு முதுகுதான் அடுக்களைன்னு வச்சிக்கிடுங்க. இங்கன வென்டிலேட்டரு, இங்கன அடுப்பு, இங்கன குடம். அடுப்புல இருந்து ஒரு அடி.

ஒரு அடியில குடமா?

குடம்னா மூலையிலல்லா இருக்கணும்? அடுப்புக்கு நேர் முன்னாடி குடத்தை வச்சா மனுசன் எங்கன நின்னு சமைக்கது? நாப்பத்திமூணு அடுக்களை கெட்டியிருக்கேன், ஒருத்தி கூட அங்கன குடம் வைக்க மாட்டாளே.

அட சவமே.

அது குடம் இல்ல அண்ணாச்சி. அவ. அவதான் அது. அங்கன நின்னுக்கிட்டுத்தான எனக்குப் பத்தொம்பது வருசமா... டார்ச்சைப் போட்டுக்கிட்டு... நான் சார்ஜ் போகுதுன்னு வேற சொன்னேன். அவ தன்னையக் கறுப்பாப் போட்டுக் காட்டுதா, நான் குடமான்னு கேக்கேன். ஊரான் பொண்டாட்டிக்கெல்லாம் அடுக்களைக்கு ரெண்டு ஜன்னல் வச்சுக் குடுத்தவன் அண்ணாச்சி நானு. என் பலகைக்கு ஒரு ஜன்னல் வச்சேன்.

கண்டக்டரே! கண்டக்டரே, விசிலடிங்க! இது எந்த ஊரு, ஆழ்வார்திருநகரியா? எறங்கணும். குரும்பூருக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், இங்கனயே எறங்கிக்கிடுதேன், மிச்ச தூரத்தை நீங்களே வச்சிக்கிடுங்க. திரும்பிப் பாளையங்கோட்டைக்குப் போகணும் அண்ணாச்சி, இதை மாத்தணும். நாலுக்கு மூணு. பஸ்ஸுல ஏறாட்டி என்ன, ஒரு குட்டியானை வண்டி பிடிச்சு ஏத்திட்டு வாரேன். பலகையெல்லாம் மாட்டுக் கொட்டாய்லயே கெடக்கட்டும், பழகுன எடம்தான.

ஒரு நிமிசம், ஒரு நிமிசம் கண்டக்டரே. ஜன்னலை எந்த ஒசரத்துல வைக்கணும்னு தெரியாம எப்படிப் போறது? இருங்க, போன் போட்டுக்கிடுதேன். நாப்பத்திமூணு வீட்டு வாசல் நெலை அளவு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன், இவ ஒசரம் எனக்குத் தெரியலை பாருங்க.

ஏளா, நான்தான். பஸ்ஸுலதான் இருக்கேன். இல்ல, எறங்கப் போறேன். கொத்தனாருட்டச் சொல்லு, தெக்குச் செவத்துல யாரும் கை வைக்க வேண்டாம், நான் வந்து நாலடி உடைக்கணும். ஆமா, தெக்குச் செவருதான். சாமான் ரூமா? அதை இடிச்சிருவோம், விடு. உன் ஒசரம் எத்தனை? உன் ஒசரம்ளா! அந்த வட்டத்தோட ஒசரம்.

லைன் இருக்கு அண்ணாச்சி, கட்டாகலை. மூச்சு விடுத சத்தம் கேக்கு. பேசத்தான் மாட்டேங்கா. ஆனா இந்தத் தடவை சம்மதம்னு நெனைச்சுக்கிட்டு நான் வைக்கப் போறதில்ல, சொல்லுத வரைக்கும் நிக்கப் போறேன், கண்டக்டர் திட்டுனாத் திட்டட்டும்.

ஆங், சொல்லுளா. என்னது?

சிரிக்கா அண்ணாச்சி. "டேப்பு உங்க சட்டைப் பையிலதான கெடக்கு, வந்து அளந்துக்கிடுங்க"ங்கா.